அழிப்புச் சான்றிதழ்

தனகோடியும் அவர் மகள் பூர்ணிமாவும் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தது போன பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் அன்று மிகுந்த சந்தோஷத்தில் இருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் பின்காலனிய ஆய்வு மையம் என்னைச் சொற்பொழிவுக்கு அழைத்திருந்தது. ஏப்ரலில் பயணம். விசா பாரத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கதவைத் தட்டினார்கள்.

எங்களுடையதும் ஆய்வு மையம்தான். வேலூரில், எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறைக்குப் பின்னால், பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கிவைத்திருந்த அறை. கட்டுகளை ஒரு மூலைக்குத் தள்ளி, மேசையும் பீரோவும் இரண்டு கம்ப்யூட்டரும் போட்டு, வாசலில் பலகை மாட்டினோம். இயக்குநர் என்று என் பெயர், கேத்தரின், அந்தப் பலகையில் பித்தளை எழுத்தில் இருக்கிறது. அதைத் தினமும் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். அல்ப சந்தோஷம்தான், மறைப்பானேன்.

தனகோடியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் பார்த்த தனகோடி வாயைத் திறந்தால் அடுத்த அறையில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பில் முப்பத்தொரு வருடம் டிரம் ஓட்டியவர். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வோம். தோலைப் போட்டுப் புரட்டும், ஆளைவிட உயரமான மர டிரம்கள் நாள் முழுக்க உருளும் சத்தத்தில் கத்திக் கத்தியே பேசிப் பழகிய மனிதர். இப்போது வந்து நின்றவர் பாதி உடம்பாக இருந்தார். குழந்தைக்குக் கட்டுவதுபோல் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. கையில் பிள்ளைகள் எழுதி எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் சிலேட்டு.

"மேடம், என்னை உங்களுக்குத் தெரியாது. அப்பாவத் தெரியும்ல? தனகோடி. மூணு மணி நேரம் பேச வச்சு ரெக்கார்டு பண்ணீங்களே" என்றாள் பூர்ணிமா. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாளாம். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றக்கூட இல்லை.

"தெரியாம என்ன, உக்காருங்க. அண்ணா, எப்படி இருக்கீங்க?"

கேட்ட பிறகுதான் அந்தத் துணியைச் சரியாகப் பார்த்தேன்.

"தொண்டைல கேன்சர் மேடம். கொரல் பெட்டியவே எடுத்துட்டாங்க. உசுருக்குப் பயம் இல்லன்னு சொல்லிட்டாங்க. மூச்சு விடறது மட்டும் இந்த ஓட்ட வழியாத்தான்."

தனகோடி தலையை ஆட்டினார். ஏதோ அடுத்த வீட்டுக்காரருக்கு வந்த நோயைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாக இருந்தது அவர் முகம். சொல்லப்போனால் உற்சாகமாகக்கூட இருந்தது. அதன் காரணம் அடுத்த பேச்சில் தெரிந்துபோயிற்று.

"ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மேடம் ஒருத்தங்க இருக்காங்க. இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்குதாம். அப்பா முன்ன பேசனது ரெக்கார்டுல இருந்தா, ஒரு மணி நேரமாவது தெளிவா இருந்தா, அத கம்ப்யூட்டர்ல போட்டு போன்ல ஏத்திக் குடுப்பாங்களாம். அப்பா டைப் அடிச்சா போதும், போனு அவரு கொரல்லயே பேசுமாம். எதனா பதிவு இருக்குதான்னு கேட்டாங்க. எங்க மேடம் இருக்கும்? அவர்து பட்டன் போனு. என் கல்யாண வீடியோல பேசறாரு, ஆனா வீடியோக்காரன் மேல பாட்டப் போட்டுட்டான். அப்பா வாய் மட்டும் அசையுது. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கலாம்னா அப்பவே கொரல் கம்மிப்போயி வெறும் காத்துதான் வந்துது. ஒரு வாரமா யோசிச்சிக்கினே இருந்தோம். அப்பறம் அப்பாதான் எழுதிக் காட்னாரு, காலேஜி மேடம்னு."

தனகோடி சிலேட்டில் எதையோ எழுதி என் பக்கம் திருப்பினார். '3 மணி நேரம்' என்று எழுதியிருந்தது. கீழே கோடு வேறு போட்டிருந்தார். எழுதிவிட்டுச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"தேடிப் பாக்கறேன்மா. ஒரு வாரம் டைம் குடுங்க" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்ல மேடம்?"

"பாக்கறேன்."

எதைப் பார்ப்பது? அந்தப் பதிவு உலகத்தில் எங்கும் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அழித்தவள் நான். அழித்ததற்காகத்தான் என்னை இங்கிலாந்துக்கு அழைத்திருந்தார்கள். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடிக்க கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, அப்போதாவது கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

நடந்தது இதுதான். மூன்று மையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு எடுத்தோம். எங்களுடையது ஒன்று. மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறை இஷ்தியாக் அகமது நடத்தும் சின்ன மையம் ஒன்று. மூன்றாவது இங்கிலாந்து. நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் பக்கத்துத் தோல் பாதிப் பதத்தில் கப்பலேறி அந்த நாட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே கம்பெனிகளின் கடிதங்களும் விலைப்பட்டியல்களும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. தோலைக் கையால் தொட்டவன் சொன்ன ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. அந்த வார்த்தையைச் சேகரிக்கத்தான் இருபத்தாறு தொழிலாளிகளைப் பேச வைத்துப் பதிவு செய்தோம். ஆட்களை அழைத்து வந்தது முழுக்க இஷ்தியாக்தான். பட்டியலில் தனகோடிக்கு 'பங்கேற்பாளர் பதினான்கு' என்று பெயர்.

மற்றவர்களெல்லாம் அரை மணி, முக்கால் மணி பேசினார்கள். தனகோடியை நிறுத்த முடியவில்லை. மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டினார், சென்னையிலிருந்து வரும் ஏஜெண்டு மாதிரி பேசிக் காட்டினார், ஓடாத டிரம்மைத் திட்டுகிற மாதிரி திட்டிக் காட்டினார். இஷ்தியாக் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிட்டான். மூன்று மணி நேரமும் ஒரு வாய் தண்ணீர்தான் குடித்தார் அந்த மனிதர்.

எல்லாப் பதிவும் முடிந்த பிறகு, அவற்றை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய மூன்று மையங்களும் கூடினோம். மத்தியானம் மூன்று மணி, கம்ப்யூட்டர் திரையில். இங்கிலாந்து மையத்தின் இயக்குநர், நரைத்த தலையோடு நிதானமாகப் பேசும் பெண்மணி, தங்கள் நூலகத்தில் வைக்கலாம் என்றார். குளிரூட்டிய அறை, நூறு வருடம் கெடாது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துக் கேட்கலாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இருபது வருடமாகப் பின்காலனியக் கோட்பாட்டை நடத்தி நடத்தி, எதிரி எப்படி இருப்பான் என்று பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியவள் நான். கடைசியில் எதிரியே என் திரையில் வந்து உட்கார்ந்திருந்தால் விடுவேனா? "நூறு வருடம் எங்கள் தோலை எடுத்துக்கொண்டு போனீர்கள். இப்போது குரலுமா? எங்கள் தொழிலாளியின் குரல் உங்கள் குளிர் அறையில் எண் ஒட்டி அடுக்கிவைக்கும் சரக்கு இல்லை" என்றேன். இன்னும் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் சொல்வதுதான் சரி என்று உடனே ஒப்புக்கொண்டுவிட்டார். இவ்வளவு சீக்கிரம் தோற்றுவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போது இஷ்தியாக் வாயைத் திறந்தான். "அப்ப எங்க காலேஜ்லயே வச்சிக்கலாம் மேடம். எல்லாம் நம்ம ஊரு ஆளுங்க. யாரு வந்து கேட்டாலும் போட்டுக் காட்டலாம்."

பேசிப் பேசி எனக்குச் சூடு ஏறியிருந்தது. இறங்க மனமில்லை. "இஷ்தியாக், உங்க சாச்சா, அதான் சித்தப்பா, ஷாப் நடத்தறார். மொதலாளி வீட்டு பீரோவுலயா தொழிலாளியோட வாக்குமூலத்த வைக்கிறது?" என்றேன். எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் திரையில் இஷ்தியாக்கின் கட்டத்தில் முகம் போய் வெறும் பெயர் மட்டும் நின்றது.

யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியை முன்மொழிந்தது நான்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு முடிந்த தொண்ணூறு நாளுக்குள் மூன்று மையங்களும் தங்களிடம் உள்ள ஒலிப்பதிவை அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டோம் என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். யாரும் யாரையும் சொந்தம் கொண்டாடாத ஆய்வு என்று அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நாலு நாட்டில் படித்துவிட்டுப் பாராட்டினார்கள். மூன்று தடவை மேலெழுதி, எந்த வித்தைக்காரனாலும் மீட்க முடியாதபடி அழிக்கும் மென்பொருளை இங்கிலாந்திலிருந்தே அனுப்பினார்கள். பதினான்காவது பதிவு பெரிது, அழிய நேரம் எடுத்தது. அது அழிந்துகொண்டிருந்தபோது நான் கேன்டீனிலிருந்து வரவழைத்த சமோசாவைத் தின்றுகொண்டிருந்தேன். அந்தச் சமோசாவின் ருசிகூட ஞாபகம் இருக்கிறது.

பூர்ணிமா வந்துபோன அன்றைக்கே இங்கிலாந்துக்கு எழுதினேன். தப்பித்தவறி எங்காவது ஒரு நகல் இருக்குமா, பழைய கம்ப்யூட்டரில், யாராவது மாணவரிடத்தில்? மறுநாள் பதில் வந்தது. ஒன்றுகூட இல்லை, உங்களுக்குக் கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறமாட்டோம், நீங்கள் காட்டிய வழியை இப்போது எங்களுடைய மற்ற ஆய்வுகளிலும் பின்பற்றுகிறோம் என்று அன்பாக எழுதியிருந்தார் அந்த அம்மாள். சான்றிதழின் பிரதியை மறுபடியும் இணைத்திருந்தார். ஏப்ரலில் சந்திக்க ஆவலாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். எனக்கு அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட வேண்டும்போல் இருந்தது. மின்னஞ்சலை எங்கே கிழிப்பது?

மிச்சம் இஷ்தியாக் ஒருவன்தான். வியாழக்கிழமை பஸ் ஏறி மேல்விஷாரம் போனேன். அந்த மீட்டிங்குக்குப் பிறகு நாங்கள் நேரில் பேசிக்கொண்டதே இல்லை, வேலை விஷயமாக மின்னஞ்சல்தான். வழியெல்லாம் நான் ஜெபித்தது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டவரே, அவன் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும், அழித்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அவன் திருடனாக இருக்க வேண்டும். இப்படி ஒரு ஜெபத்தை அவர் இதற்கு முன்னால் கேட்டிருக்கமாட்டார்.

இஷ்தியாக் வகுப்பு முடிந்து வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்றதும் "யா அல்லா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தனகோடியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், சாச்சா ஷாப்பில் முதலில் வேலை பார்த்தவர்.

"இஷ்தியாக், ஒரு காப்பி வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"வச்சிருந்தேன் மேடம்" என்றான்.

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"பதிவு பண்ண அன்னிக்கே ஒரு பென் டிரைவ்ல எடுத்து வீட்ல வச்சிருந்தேன். ஆராய்ச்சிக்கு இல்ல. அவரு பேச்சு அப்படி, அதுக்குத்தான். அம்மாகூட ஒருவாட்டி போட்டுக் கேட்டு சிரிச்சாங்க. அப்புறம் நீங்க அந்த மீட்டிங்ல அப்படிச் சொன்னீங்க."

"எங்க அது?"

"நாளைக்கு எதனா ஒண்ணுன்னா, பாத்தீங்களா மொதலாளி வீட்டுப் பையன் திருடி வச்சிருந்தான்னு நீங்களே சொல்லுவீங்கன்னு தோணிச்சு. பத்து நாள் தூக்கம் வரல மேடம். எடுத்துக்கினு வந்து பிரின்சிபால் எதிர்ல அழிச்சேன். ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போட்டாங்க." பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தான். "என்னிக்காச்சும் நீங்க கேப்பீங்க, காட்டணும்னு வச்சிருந்தேன்."

காகிதத்தில் முத்திரை இருந்தது, தேதி இருந்தது, சாட்சிகளின் கையெழுத்து இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. நான் அந்த ஃபைலின் மேல் தலைவைத்து அழுதுவிட்டேன். அவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

"அவருக்கு யாரு சொல்றது? நான் வேணா வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"வேண்டாம். நான் போறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராகத் தனகோடி வீட்டுக்குப் போனேன். பையில் இரண்டு காகிதக் கட்டு எடுத்துப்போனேன். ஒன்று, தனகோடி பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, நாற்பத்தொரு பக்கம். நேரம் போதவில்லை என்று தமிழில் எழுதி வைக்காமல், கேட்டுக் கேட்டு நேராக ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். இன்னொன்று அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் பாரம். அதை ஏன் எடுத்துப்போனேன்? என்னைப்போல் இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் குப்பை கொட்டியவர்களுக்குக் காகிதம் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போகத் தெரியாது. அவ்வளவுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

மேல்விஷாரத்தைத் தாண்டி, பாலாற்றுப் பக்கமாக உள்ளே போனால் காலனி. இரண்டு அறை கொண்ட தொகுப்பு வீடு. என்னை எதிர்பார்த்துத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். தனகோடியின் மனைவி சௌந்தரம் பிளாஸ்டிக் நாற்காலியை விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டார். மேசைமேல் ஒரு புதுத் தொடுதிரைப் போன் சார்ஜில் கிடந்தது. மேலே ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளைக்கூட அவர்கள் இன்னும் உரிக்கவில்லை.

"கொரல் ஏத்தறதுக்குன்னே வாங்கினோம் மேடம். அப்பா டைப் அடிக்கக்கூடப் பழகிட்டாரு" என்றாள் பூர்ணிமா.

சௌந்தரத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மொதல்ல என்னைத்தான் திட்டப்போறாரும்மா. ஆறு மாசத்து பாக்கி கீது. இந்த வீட்ல சத்தமே இல்லாம எனக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆவுது. ராத்திரில முழிச்சிக்கினா, மனுசன் பக்கத்துல கீறாரா இல்லியான்னு தடவிப் பாக்க வேண்டிக் கீது. அந்தப் போனு திட்னாலும் சரி, நான் கேட்டுக்கினு இருப்பேன்."

தனகோடி சுவரோரமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துத் துணியைக்கூடப் புதிதாகக் கட்டியிருந்தார். சௌந்தரம் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

நான் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பதிவு கிடைக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆனா அண்ணன் பேசினது எல்லாம் எழுத்துல இருக்கு. படிக்கறேன்" என்று மொழிபெயர்ப்பை எடுத்தேன். என் ஆங்கிலத்தையே திரும்பத் தமிழாக்கிப் படித்தேன். "எங்கள் உழைப்பு எங்கள் உடலிலேயே பதிந்திருக்கிறது. டிரம்கள் நின்ற பின்பும் அவற்றின் ஒலி எனக்குள் தொடர்கிறது. நான் அந்த எந்திரத்தின் ஒரு பகுதியாகிவிட்டேன்."

இன்னும் ஒரு பக்கம் படித்தேன்.

"இது யாரு பேசனது?" என்றார் சௌந்தரம்.

"அண்ணன்தான்."

"அப்பா இந்த மாதிரி பேசவே மாட்டாரு மேடம்" என்றாள் பூர்ணிமா. மரியாதையாகத்தான் சொன்னாள்.

பேசமாட்டார்தான். டிரம்மைப் பற்றி அவர் சொன்னது வேறு. நான் அதைப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பேன், கேட்டுச் சிரித்துமிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தைகளை என் மண்டைக்குள் துழாவித் துழாவித் தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. என் ஆங்கிலம்தான் வந்தது. தனகோடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் உதடுகள் அசைந்தன. கழுத்துத் துணி ஒருதரம் உப்பி அடங்கியது. என்ன சொன்னார் என்று எங்கள் மூன்று பேருக்கும் விளங்கவில்லை.

"ரெக்கார்டு இன்னா ஆச்சு மேடம்?" என்றாள் பூர்ணிமா.

"அழிச்சிட்டோம்மா."

"இன்னாது?"

"நான்தான் அழிச்சேன். மூணு எடத்துலயும் அழிச்சாச்சு. இனிமே எடுக்க முடியாது."

சௌந்தரம் புரியாமல் மகளைப் பார்த்தார். பூர்ணிமா, "ஏன் மேடம்? எடம் பத்தலியா?" என்றாள்.

இடம் பற்றவில்லை என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் காலங்காலமாக நம்முடையதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் ஊரில் வைத்துக்கொள்கிறார்கள், இதையும் அப்படி எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாது என்றுதான் என்றேன். திரையில் பத்து நிமிடம் பேசியது அந்த வீட்டில் அரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. சொல்லி முடித்தபோது என் காதுக்கே அது சின்னப்பிள்ளைச் சண்டையாகக் கேட்டது.

"எடுத்துக்கினு போனா போவட்டுமே மேடம். அங்கயாச்சும் இருந்திருக்குமே" என்றாள் பூர்ணிமா. அவள் குரல் உடைந்துவிட்டது. "எங்கயோ ஒரு எடத்துல இருந்திருக்குமே."

டப், டப் என்று சத்தம். தனகோடி கட்டில் சட்டத்தைத் தட்டினார். எங்களைக் கூப்பிடுவதற்கு அதுதான் இப்போது அவருக்கு வழி. சிலேட்டில் எழுதித் திருப்பினார்.

'யாரக் கேட்ட'

கேட்டீங்க என்று எழுதவில்லை. இவ்வளவு நாளில் அவர் என்னிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை.

என் கை பைக்குள் போனது. இதற்குத்தான் அந்தப் பாரத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாலு பக்கம், நான்காவது பக்கத்தில் ஒன்பதாவது குறிப்பு: 'எனது ஒலிப்பதிவு தொண்ணூறு நாட்களுக்குள் அழிக்கப்படும் என்பதை அறிந்து சம்மதிக்கிறேன்.' கீழே கோணல்மாணலாக அவர் கையெழுத்து. ஓரத்தில் டிரம் தண்ணீரின் நீலக் கறையோடு அவர் பெருவிரல் தடம். நான் அதை அவர் மடியில் வைத்தேன். ஐயோ, வைத்தேனே.

தனகோடி தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார். பிறகு சிலேட்டை அழித்துவிட்டு மெதுவாக எழுதினார். 'நான்தான் போட்டன்.'

பூர்ணிமா பாரத்தைப் பிடுங்கி, ஒன்பதாவது குறிப்பை எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"இன்னாப்பா இது? அழிச்சிடுவோம்னு பச்சையா எழுதியிருக்குது. உனக்குத்தான் படிக்கத் தெரியும்ல? படிக்காமயா போட்ட? எதுக்கு அழிக்கிறீங்கன்னு ஒரு வார்த்த அவங்கள கேக்கக் கூடாதா?"

"எவன் எதக் காட்னாலும் போட்டுக் குடுத்துடறது" என்று சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஷாப்ல காட்ன பேப்பர்லயும் அப்டித்தான் போட்ட, இங்கயும் போட்டியா? போச்சே, எல்லாம் போச்சே."

தனகோடி வாயைத் திறந்தார். மூடினார். எழுதுகோல் சிலேட்டின் மேலே நின்றது, எழுதவில்லை. அதையெல்லாம் சிலேட்டில் எழுதி மாளாது. அந்தக் கையெழுத்து பதிவு நடந்த அன்று வாங்கியது இல்லை. விதி மாறிய பிறகு நான் ஷாப் வாசலுக்குப் போய், சாப்பாட்டு வேளையில் அவரை வெளியே வரச்சொல்லி வாங்கியது. ஈரக் கையோடு ஓடிவந்தார். படிக்கட்டுமா என்றுதான் கேட்டார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "பழைய பாரம்தான் அண்ணா, ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று நான்தான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

மகளும் மனைவியும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த வாசலில் நடந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும், வாய் இருந்தது எனக்கு மட்டும்தான். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார். எனக்கோ, பழி என்னை விட்டு விலகி அவர் மேல் போய் உட்கார்ந்ததில் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. ஆமாம், நிம்மதி. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை, இங்கிலாந்துக்குப் போகவில்லை என்று எழுதிப்போட்ட பிறகும் முடியவில்லை.

சௌந்தரம் மூக்கைச் சிந்திவிட்டு, அந்த அழுகையிலும், "டீ ஆறிப்போவுது, குடிம்மா" என்றார். தனகோடி இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்து டீயை எடுத்துக் குடித்தேன்.